வெட்டிய பெயருக்கு அறுபதாயிரம்

மேக்கோத் வீட்டு சௌமினி ஆறு வருடம் காசு கொடுத்து மீன் வாங்கவில்லை. எங்கள் ஊரான தெக்கேக்கடவில் இது செய்தி. இங்கே ஒரு வீட்டிலிருந்து மூன்று நாள் மீன் வாசனை வராவிட்டால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். மீன்கார ஹம்சா முதல் ஒரு மாதம் பழக்க தோஷத்தில் அவள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"சேச்சி, மத்தி துள்ளுது பாருங்க. காசு இப்போ வேண்டாம், கடனா வெச்சுக்கறேன்."

"அந்த வார்த்தையை இந்த வாசல்ல சொல்லாதே ஹம்சா. வண்டியை எடு."

ஏழ்மைதான் காரணம் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். ஏழ்மையும் இருந்தது. ஆனால் ஏழ்மைக்காக ஆறு வருடம் யாரும் நாக்கைக் கட்டிவைப்பதில்லை. எவ்வளவு இல்லாத வீட்டிலும் ஓணத்துக்கும் விஷுவுக்கும் கை கொஞ்சம் தளரும். சௌமினியின் கை தளரவில்லை. அவளுக்கு ஒரு ஆள் மேல் பகை இருந்தது. கொப்பரை வியாபாரி கேளோத் நாணு.

அவள் கணவன் அசோகன் ஜீப் ஓட்டினான். 2009இல் வீட்டுக்குத் தளம் போடப் பணம் வேண்டியிருந்ததால் மொய்துவின் டீக்கடையில் பயற்று வைத்தான். தஞ்சாவூர்ப் பக்கத்து மொய் விருந்து மாதிரி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வோம். விருந்து மட்டும் கிடையாது. டீ, அவல், ஒரு பழம். பணம் தேவைப்படுகிறவன் நாள் குறித்துக் கடிதம் அனுப்புவான். போகிறவர்கள் உறையில் பணம் வைப்பார்கள். இன்று வைத்தவன் நாளைக்குப் பயற்று வைக்கும்போது அதைத் திருப்பி வைக்க வேண்டும். மேலே கூட்டியும் வைக்கலாம். கூட்டிய தொகை வாங்கியவன் தலையில் புதுக்கடன். வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. இரண்டே கட்டுப்பாடு. கடிதம் இல்லாமல் பயற்றுக்குப் போகக் கூடாது. பயற்றுக்கு வெளியே திருப்பிக் கொடுத்தால் கணக்கில் சேராது.

அசோகனுக்கு அன்று நூற்று நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் வைத்தார்கள். அதில் பெரிய உறை நாணுவுடையது, பதினைந்தாயிரம். தளம் போட்டார்கள். ஒன்பது மாதம் கழித்து, ஆற்றில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த அசோகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்; எழுந்திருக்கவில்லை. சௌமினிக்கு அப்போது முப்பத்தேழு வயது. மகள் ஷிம்னாவுக்குப் பத்து.

ஆள் போனால் பயற்றுக் கணக்கை மகன் ஏற்பான், இல்லாவிட்டால் தம்பி. இரண்டும் இல்லாத வீட்டுக்கு என்ன செய்வது என்று வழக்கத்தில் பதில் இல்லை. அந்தப் பதிலை நாணு எழுதினார்.

மே மாதம் அவர் பயற்று. கடிதம் இறந்தவன் பேருக்கே வந்தது. சௌமினி இரண்டாயிரம் ரூபாயுடன் போனாள். நானூறு ஆண்கள் நின்ற இடத்தில் அவள் ஒருத்திதான் பெண். கணக்கு எழுதும் மேசையில் டீக்கடை மொய்து. ஊரில் யார் பயற்று வைத்தாலும் எழுத்து அவருடையதுதான். உறையைப் பிரித்து, "அசோகன் வகை, ரெண்டாயிரம்" என்று வாசித்தார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து நாணு எட்டிப் பார்த்தார். "யாரு? சௌமினியா? நீ எதுக்கும்மா இங்க வந்தே?"

"கடிதம் வந்துது நாணுவேட்டா. இப்போ கையில இதுதான். மிச்சத்தை உங்க அடுத்த பயற்றுல வெச்சிடறேன்."

"அடுத்த பயற்றுலயா!" நாணு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். கூட்டம் இருந்தால் அவருக்குக் குரல் தானாக ஏறும். "ஓட்டறவனும் போயிட்டான், ஜீப்பும் துரு ஏறி நிக்குது. எதை வெப்பே? முற்றத்து முருங்கைக்காயையா?"

சிரித்தார்கள். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

"மொய்து, அசோகன் பேரை வெட்டு. பதினஞ்சாயிரம் தர்மம்னு எழுதிக்கோ."

மொய்து பேனாவை எடுக்கவில்லை. "நாணுவேட்டா, கடனைத் தள்ளணும்னா தள்ளிக்குங்க. பேரை வெட்டறது வேற விஷயம்…"

"என் நோட்டு, என் பணம். வெட்டுய்யா."

சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. நாணு அந்த நான்கு ஐநூறு ரூபாய்த் தாள்களையும் அவள் கையில் திணித்தார். "பொண்ணுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் குடு. பயற்று ஆம்பளைங்க விளையாட்டு. உன்னை யாரும் கேக்க மாட்டாங்க, போ."

வெளியாளுக்கு இது பெரிய மனசாகத் தெரியும். பதினைந்தாயிரத்தை விட்டுக்கொடுத்தாரே! எங்களுக்கு அப்படித் தெரியாது. பயற்று நோட்டில் பேர் இருக்கும்வரைதான் ஒரு வீட்டின் வாக்குக்கு விலை. கடனோடு இருக்கிறவனுக்கு நாற்காலி உண்டு. வெட்டுப்பட்டவனுக்குக் கிடையாது. அசோகன் சுடுகாட்டில் ஒரு முறை செத்தான், மொய்துவின் மேசையில் இன்னொரு முறை.

அடுத்த இரண்டு மாதத்தில் ஊரில் ஐந்து பயற்று நடந்தது. ஒன்றுக்கும் சௌமினிக்குக் கடிதம் வரவில்லை. நாணுவே தள்ளிவிட்டார், நாம் வாங்கினால் நன்றாக இருக்குமா என்று எல்லாரும் சேர்ந்து நல்லவர்களாகிவிட்டார்கள். ஆறாவது பயற்றுக்கு முன்னால் சௌமினி சேலையை மாற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனாள். தச்சர் வாசுவின் வீடு.

"வாசுவேட்டா, எனக்குக் கடிதம் எங்க?"

"உனக்கு எதுக்கு சௌமினி? அசோகன் எனக்குத் தம்பி மாதிரி. நாலாயிரம் போனா போகுது."

"தம்பி மாதிரின்னா தம்பி வாக்கைக் காப்பாத்த விடுங்க. கடிதம் குடுங்க."

"நாணுவேட்டனே வெட்டிட்டாரு, நான் வாங்கினா ஊரு என்ன சொல்லும்?"

"அவரு வெட்டினதை நான் பார்த்துக்கறேன். நீங்களும் வெட்டினீங்கன்னா உங்களையும் அந்தக் கணக்குல சேர்த்துக்குவேன். எப்படி வசதி?"

வாசு கடிதம் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஊரில் எவரும் அவளை விட்டுவிட்டுக் கடிதம் அனுப்பத் துணியவில்லை.

ஜீப்பை ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு விற்றுத் தபால் நிலையத்தில் போட்டாள். மீதிக்கு உடம்புதான். காலையில் பஞ்சாயத்து நூறு நாள் வேலை. அது இல்லாத நாட்களில் தென்னந்தோப்பில் தேங்காய் பொறுக்குவது. கல்யாண சீசனில் சமையல் கூடத்தில் காய் நறுக்குவது. கல்யாணக் கூடத்தில் மிஞ்சும் சாம்பாரும் கூட்டுக்கறியும் தூக்குச்சட்டியில் வீட்டுக்கு வரும். அந்த வீட்டில் மூன்று நாள் பழைய அவியல் சாப்பிட்டுத்தான் ஷிம்னா எட்டாம் வகுப்பு பாஸ் செய்தாள்.

சௌமினியின் சிக்கனம் ஊரில் பேச்சானது. குளிக்கிற சோப்பை நூலால் நான்காக அறுத்து வெயிலில் காயவைப்பாள். காய்ந்த சோப்பு கரையாது. தென்னை மட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் எரித்துச் சமைப்பாள். ஒரு கேஸ் சிலிண்டர் பதினொரு மாதம் ஓடியது. ஏஜென்சியிலிருந்து சிலிண்டர் தொலைந்துவிட்டதா என்று ஆள் விசாரிக்க வந்தான். கேபிள் டிவியை வெட்டினாள். கைபேசியில் வருகிற அழைப்பு மட்டும். அவள் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மிஸ்டு கால். வடகரைக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடப்பாள், மூன்று ரூபாய் மிச்சம். தலையில் வைக்கிற எண்ணெயை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினாள். எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அது மீனை விடுவதைவிடப் பெரிய தவம்.

இதையெல்லாம் தாங்க அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. நாணு திருப்பிக் கொடுத்த நான்கு ஐநூறு ரூபாய்த் தாளையும் அவள் செலவழிக்கவில்லை. அசோகனின் பயற்று நோட்டின் முதல் பக்கத்தில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தாள். ஏதாவது வாங்க ஆசை வந்தால் நோட்டைத் திறப்பாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பொறுமை, கட்டுப்பாடு இதெல்லாம் எனக்கு வராதுங்க. நாலு தாளைப் பார்ப்பேன். அந்த ஆளு சிரிச்ச பல்லு தெரியும். ஆசை ஓடிடும்."

சமையல் கூடத்தில் அவளோடு வெங்காயம் உரித்தவர்கள் கேலி செய்வார்கள். "சௌமினி, உனக்கு மட்டும் ஏன்டி கண்ணுல தண்ணி வர மாட்டேங்குது?"

"நாணுவோட தோலை உரிக்கறதா நெனச்சுக்குவேன். நீங்களும் யாரையாவது நெனச்சுப் பாருங்க. வேலை வேகமா நடக்கும்."

அதன் பிறகு அந்தக் கூடத்தில் ஒவ்வொருத்தியும் ஒரு ஆளை நினைத்து உரித்தார்கள். பெரும்பாலும் மாமியார்.

முதல் வருடம் முப்பத்தொரு பேரின் கடன் தீர்ந்தது. தீர்ந்த பேருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பாள். வாங்கியதற்குமேல் ஐம்பதோ நூறோ கூட்டியே வைப்பாள், கணக்கு அறுந்துபோகாமல் இருக்க. அந்த ஐம்பதுக்காக ஒரு வாரம் டீயில் பால் இருக்காது.

பகைக்கு விலை அவள் மட்டும் கொடுக்கவில்லை. ஷிம்னா பத்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் மைசூருக்குச் சுற்றுலா போனார்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அந்த வாரம் மூன்று பயற்று. சௌமினி முடியாது என்றாள்.

"கிளாஸ்ல எல்லாரும் போறாங்கம்மா. ஹம்சா மாமா பொண்ணு கூடப் போறா."

"ஹம்சா மீன் விக்கறான். நாம மீனே திங்கறதில்ல. கணக்கு சரியாத்தானே இருக்கு."

"கடன் எல்லாருக்கும் இருக்கு. இந்த வீட்ல மட்டும்தான் கடன் கட்டறது சாமி கும்பிடற மாதிரி நடக்குது. காலையில எழுந்தா நாணு, தூங்கப் போனா நாணு. அப்பா பேரைக்கூட நீ இவ்வளவு சொன்னதில்ல. நான் உன் பொண்ணா, அந்த ஆளு உன் பொண்ணா?"

சௌமினி கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. மகள் இரண்டு நாள் பேசவில்லை. மைசூர் பஸ் கிளம்பிய காலையில் சௌமினி மகளைப் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டாள். அன்று நோட்டில் மூன்று புள்ளி ஏறியது. அந்த நாளைப் பற்றிக் கேட்டால் இன்றும் பேச்சை மாற்றிவிடுவாள்.

2015 ஓணத்துக்குள் நூற்று நாற்பத்திரண்டு பேருக்கும் புள்ளி விழுந்தது. அவளுக்கு ஒரு பைசா கடன் கிடையாது. யாராவது வாழ்த்து சொன்னால், "நூத்து நாப்பத்து மூணு" என்று திருத்துவாள். ஒரு பேர் பாக்கி. ஆனால் அந்த ஆளின் நோட்டில் அவள் வீடே இல்லை. இல்லாத கடனை எப்படிக் கட்டுவது?

வழியை நாணுவே திறந்தார். 2016 மே மாதம் அவர் மகன் வடகரையில் செருப்புக்கடை போட முதலீடு கேட்டான். நாணு பயற்று வைக்க முடிவு செய்தார். கடிதம் எழுத உட்கார்ந்த மொய்து கேட்டார்: "மேக்கோத்துக்கு?"

பதினைந்தாயிரம் தர்மம் செய்தேன் என்று ஆறு வருடமாகக் கோயில் கமிட்டியிலிருந்து கூட்டுறவு வங்கி வரை சொல்லிக்கொண்டிருந்த மனிதர் இரண்டு நிமிடம் யோசித்தார். "எல்லாருக்கும் குடுத்துட்டாளாமே? போடு, போடு. வந்தா வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

எங்கள் ஊரில் பணக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வெட்டிய பேருக்குக் கடிதம் போட்டார்.

ஓணத்திலிருந்தே சௌமினி கடன் இல்லாமலும் கடன்காரியைப் போலத்தான் வாழ்ந்துகொண்டிருந்தாள். சோப்பு அதே நான்கு துண்டு, டீ அதே கடுங்காப்பி நிறம். மொய்து டீக்கடையில் கூட்டம் நிறைகிற நேரம் மாலை ஐந்து மணி. அதற்கு முன்னால் போனால் சாட்சி குறையும். ஐந்தே காலுக்கு வந்தாள். பழைய சேலைதான், ஆனால் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது. உறையை மொய்துவின் முன்னால் வைத்தாள்.

மொய்து பிரித்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார். மேலே இருந்த நான்கு ஐநூறு ரூபாய்த் தாள்களில் குண்டூசி ஓட்டை இருந்தது. அவற்றை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அறுபதாயிரம்" என்றார். வாசிக்கிற குரலில் இல்லை. பிறகு வாசிக்கிற குரலில்: "மேக்கோத் சௌமினி. அறுபதாயிரம்!"

நாணு நாற்காலியிலிருந்து எழுந்தார். "என்ன இது? எவ்வளவு? சௌமினி, பைத்தியமா உனக்கு?"

"பயற்றுக்கு வந்திருக்கேன் நாணுவேட்டா. கடிதம் போட்டிருந்தீங்களே."

மொய்து பேனாவை மேசையில் வைத்தார். முப்பது வருடம் எழுத்து பார்த்த மனிதர். கூட்டத்தை எப்போது தன் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவருக்கும் தெரியும். "ஒரு சந்தேகம். எழுதறதுக்கு முன்னாடி தீர்த்துக்கறேன். அசோகன் பேரு வெட்டியிருக்கு. வெட்டினது வெட்டினதுதான்னா பழைய கடன் ஒண்ணுமே இல்ல. அப்போ இந்த அறுபதும் நாணுவேட்டன் சௌமினிக்குத் தரவேண்டிய புதுக்கடன். வெட்டைத் திருத்தினா பதினஞ்சு கழிஞ்சு நாப்பத்தஞ்சு. எப்படி எழுதட்டும்?"

பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நிற்கவில்லை.

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நாணு ஒரு கணம் யோசித்திருப்பார். கை உறைப் பக்கம் போனது, நின்றது. தன் பயற்றில் வந்த உறையைத் திருப்பினால் வரிசையில் நிற்கிற மற்றவனும் தன் உறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். செருப்புக்கடை அன்றோடு முடிந்துவிடும். அறுபதை ஒப்புக்கொள்ளவும் மனசில்லை.

"திருத்து" என்றார்.

"கேக்கல நாணுவேட்டா."

"வெட்டைத் திருத்துய்யான்னு சொன்னேன்! அசோகன் பேரை எழுது!"

ஆறு வருடத்துக்கு முந்தைய நோட்டையும் எடுத்துவரச் சொன்னார் மொய்து. சிவப்புக் கோட்டுக்கு மேலே அசோகன் பேரைப் புதிதாக எழுதி, 'பதினைந்தாயிரம் வரவு' என்று போட்டு, நாணுவிடம் கையெழுத்து வாங்கினார். புது நோட்டில், ஆண்கள் பேராக நிறைந்திருந்த பக்கத்தில், சௌமினி என்று எழுதினார். எதிரில் நாற்பத்தைந்தாயிரம், கேளோத் நாணு பாக்கி.

சௌமினி டீ குடிக்காமல் வெளியே வந்தாள். சந்தோஷமாக இருந்தது என்று பிறகு சொன்னாள்.

அதன் பிறகுதான் அவள் பழிவாங்கல் சூடு பிடித்தது. நாணு கடனைத் திருப்ப வேண்டுமென்றால் சௌமினி பயற்று வைக்க வேண்டும். சௌமினி வைக்கவில்லை. ஒரு வருடம் போனது, இன்னொன்றும் போனது. சந்தையில் சுமைதூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கும்போது கேட்பார்கள்: "நாணுவேட்டா, சௌமினி சேச்சி பயற்று எப்போ?" சலூனிலும் கேட்டார்கள். நாணுவுக்கு அறுபத்தைந்து வயதாகியிருந்தது. பயற்றை முடித்துக்கொண்டு கணக்கை மூட நினைத்தார். பாக்கி வைத்திருப்பவன் மூட முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மேக்கோத் வீட்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் உறை.

"இந்தாம்மா. நாப்பத்தஞ்சு. மேல அஞ்சும் இருக்கு. முடிச்சிடலாம்."

"வீட்டு வாசல்ல வாங்கினா அது பயற்று ஆகாதே."

"அப்போ பயற்று வை. நானே கடிதம் அச்சடிச்சுத் தரேன்."

"எனக்கு இப்போ தேவை ஒண்ணும் இல்லையே. தேவை வந்தாத்தானே பயற்று?"

"தேவை வராத மனுஷி உண்டா?"

"ஆறு வருஷம் பழகிக்கிட்டேன் நாணுவேட்டா. நீங்கதான் வாத்தியார்."

நாணு உறையை மடித்துக்கொண்டு போனார். சௌமினி அன்றிலிருந்து இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தேவை என்று ஒன்று வந்துவிட்டால் அந்த ஆள் தப்பித்துவிடுவாரே! வீட்டுக்கு வெள்ளை அடிக்காமல் விட்டாள். கடைவாய்ப் பல் வலியைக் கிராம்பு வைத்தே சமாளித்தாள்.

2018இல் தேவை வந்தது. ஷிம்னாவுக்கு மங்களூரில் நர்சிங் இடம் கிடைத்தது. முதல் வருடத்துக்கு மட்டும் இரண்டு லட்சத்து எண்பதாயிரம், பதினைந்து நாளில் கட்ட வேண்டும். சேமிப்பில் இருந்தது நாற்பதாயிரம். பயற்று வைத்தால் ஒரே மாலையில் கிடைத்துவிடும். சௌமினி இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வங்கிக்குப் போய் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

விண்ணப்பத்தைப் பார்த்ததும் ஷிம்னாவுக்குப் புரிந்துவிட்டது. "பேங்க் கடனா? நீயா? வட்டி கட்டினாலும் கட்டுவே, நாணுவை விட மாட்டே. அப்படித்தானே?"

சௌமினி விண்ணப்பத்தை மடித்தாள்.

"மைசூரை விட்டேன். மங்களூரையும் விடணுமா?"

"இல்லடி. உன் படிப்பை விட மாட்டேன். ஆனா பயற்று வெச்சா அந்த ஆளு வருவான். உறையை வெப்பான். கைகழுவிட்டுப் போயிடுவான். அவ்வளவுதானா?"

மகள் அசோகனின் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். "கடிதம் இல்லாம யாரும் வர முடியாதுன்னு நீதானே சொல்லுவே? அவருக்கு மட்டும் போடாதே."

சௌமினிக்கு இது தோன்றியதே இல்லை. எங்கள் யாருக்கும் தோன்றியிருக்காது. கடன்பட்டவனுக்கு முதல் கடிதம் போடுவதுதான் ஊர் வழக்கம். வரவேண்டிய பணத்தை வேண்டாம் என்று யார் விடுவார்கள்?

"நாப்பத்தஞ்சாயிரம்டி" என்றாள் சௌமினி. மூன்று ரூபாய்க்காக இரண்டு நிறுத்தம் நடக்கிறவள்.

"தெரியும். உனக்கு எது வேணும்னு சொல்லு."

மொய்து நூற்று நாற்பத்திரண்டு கடிதம் எழுதினார். பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பேனாவை மூடினார். செய்தி மாலைக்குள் சந்தைக்குப் போய்விட்டது. எந்தப் பயற்றுக்கும் வராதவர்கள்கூட அன்று டீக்கடை எதிரே பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் வைக்கிற பயற்றைப் பார்க்க வந்தவர்கள் பாதி, நாணு வருவாரா என்று பார்க்க வந்தவர்கள் பாதி.

வந்தார். வெள்ளை வேட்டி, மஞ்சள் உறை. ஐந்தரை மணி. கூட்டம் விலகி வழிவிட்டது. மேசைக்கு நேரே போய் உறையை நீட்டினார்.

மொய்து கை நீட்டவில்லை. "கடிதம் இருக்கா நாணுவேட்டா?"

"தபால்ல தவறியிருக்கும். எழுது. ஒரு லட்சம் இருக்கு."

ஒரு லட்சம்! கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. நாற்பத்தைந்துக்கு ஒரு லட்சம் வைத்தால் கடன் புரண்டு மறுபடியும் அவள் தலையில் ஏறும். மனிதர் யோசித்துத்தான் வந்திருந்தார்.

மொய்து சௌமினியைப் பார்த்தார். அவள் டீ வாளிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மகளும் கூட.

"தபால்ல தவறல நாணுவேட்டா" என்றாள் சௌமினி. "போடலை."

"ஏன்? நான் உனக்குப் பாக்கி இருக்கேன்ல?"

"இருக்கீங்க. இருங்க."

நாணு உறையைப் பிடித்தபடி நின்றார். கோபமா, கெஞ்சலா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரலில், "என்ன வேணும் உனக்கு? மன்னிப்பா? கேட்டுடறேன், எழுதச் சொல்லு" என்றார்.

"மன்னிப்பு வாங்கினா அதையும் திருப்பித் தரணுமே. எனக்கு எதுக்கு?" அவள் ஒரு கிளாஸில் டீ ஊற்றினாள், அவல் தட்டோடு நீட்டினாள். "வந்தது வந்துட்டீங்க, டீ குடிச்சுட்டுப் போங்க. டீக்குக் கடிதம் வேண்டாம்."

வாங்காவிட்டால் சண்டை, வாங்கினால் அவமானம். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க நாணு நின்றபடியே அந்த டீயைக் குடித்தார். அவலைத் தொடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்திருக்கலாம், சிரிப்பு வரவில்லை.

அன்று வசூல் இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். சேமிப்பு நாற்பதாயிரத்தையும் சேர்த்தால் கட்டணத்துக்கு இருபத்தெட்டாயிரம் குறைந்தது. நாணுவின் உறையை வாங்கியிருந்தால் கட்டணம் போக மிச்சமே இருந்திருக்கும். கல்லூரியில் கெஞ்சி அதற்கு மட்டும் தவணை வாங்கினாள். எட்டு மாதம் மறுபடியும் கல்யாணக் கூடத்துக்குப் போனாள்.

"நஷ்டமா தோணலையா?" என்று ஒருநாள் அங்கே வைத்தே கேட்டேன்.

"என்ன நஷ்டம்? ஆறு வருஷம் கடனைக் கட்டறதுக்கு உழைச்சேன். எட்டு மாசம் கட்ட விடாம இருக்கறதுக்கு உழைக்கறேன். இதுதான் சுகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டை வெங்காயத்தை இழுத்தாள்.

நாணுவின் பேருக்கு எதிரே நாற்பத்தைந்தாயிரம் இன்னும் அப்படியே நிற்கிறது. கணக்கை மூடியாகிவிட்டது என்று அவர் சொல்லிக்கொள்கிறார். மொய்துவின் நோட்டில் மூடவில்லை.